வந்த புகழைத் திருப்பி அனுப்பிய தளபதி

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி, மஹல்லாவைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரருக்கு நடைபெற்ற பாராட்டு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



இன்றைய நிகழ்ச்சியில் பாராட்டுப் பெறவிருக்கும் நம் பெரியவர் நேற்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் ராணுவத்தில் லாரி ஓட்டுநராகப் பணிபுரிந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் அவர். இந்தப் பள்ளியின் முன்வரிசையில் வலது ஓரத்துத் தூணருகே அவர் இல்லாத சுப்ஹுத் தொழுகையை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். வந்தவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், நாளைக்கு அந்தப் பொன்னாடையெல்லாம் வேண்டாமே. நீங்கள் சொன்னால் முத்தவல்லி கேட்பார்" என்றார். தன்னடக்கத்தினால் சொல்கிறார் என்றெண்ணி நாம் சமாதானம் கூறத் தொடங்கினோம். அவர் கையமர்த்திவிட்டு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். அவருடைய அனுமதியுடன் அதை இங்கு எடுத்துரைக்கிறோம்.

1980களின் நடுவில் ஓர் அக்டோபர் மாதம். ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் பாதையில் ஜோஜிலா கணவாய் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 11,500 அடிக்கும் மேற்பட்ட உயரம். குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் அப்பாதை மாதக்கணக்கில் அடைபட்டுவிடும் என்பதால், அதற்கு முன்பாகவே மேலே உள்ள படையினருக்கு அரிசி, மாவு, மண்ணெண்ணெய் முதலியவற்றை லாரிகளில் கொண்டு சேர்த்தாக வேண்டும். அவ்வாண்டு பனி முந்திக்கொண்டது. கான்வாயில் இவருக்கு முன்னால் சென்ற வண்டி சறுக்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. இவரும் வேறு இருவரும் இறங்கி, சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டி, கயிறு கட்டி, ஓர் இரவு முழுவதும் போராடி, விடியும் வேளையில் அந்த வண்டியையும் அதன் ஓட்டுநரையும் மீட்டார்கள். மூவரில் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்தவர், மற்றவர் மணிப்பூர்க்காரர்.

சில வாரங்கள் கழித்து, படையினர் அனைவரையும் ஒன்றுகூட்டி அதிகாரி பேசும் சைனிக் சம்மேளனம் நடைபெற்றது. இவரை அதுவரை ஒருமுறையும் முகம் மலர்ந்து பார்த்திராத அந்த அதிகாரி திடீரென்று இவர் பெயரைச் சொல்லி முன்னால் வரச் சொன்னார். எதற்கோ தண்டிக்கத்தான் போகிறார் என்று கால் நடுங்க எழுந்து சென்றாராம். அதிகாரியோ இவருடைய தோளில் கை வைத்து, அந்த இரவில் நடந்ததை எல்லோரும் கேட்க எடுத்துச் சொல்லிப் புகழ்ந்தார். கரவொலி எழுந்தது. மற்ற இருவருடைய பெயர்கள் அங்கே சொல்லப்படவில்லை. வேண்டுமென்று விட்டார்கள் என்றில்லை. அதிகாரிக்குக் கிடைத்த அறிக்கையில் இவர் பெயர் மட்டுமே இருந்திருக்கிறது.

கூட்டம் முடிந்து உணவுக்கூடத்தில் அமர்ந்தபோது உடன் பணிபுரிந்த ஒருவர் உள்ளன்போடு இவரை அணைத்துக்கொண்டு, "பாய், உன்னை நாங்கள் அப்படி நினைக்கவே இல்லை" என்றாராம்.

நம் பெரியவர் நேற்றிரவு நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், அதற்கு முன்னால் என்னை எப்படி நினைத்திருந்தார்கள்? அதை நான் அவரிடம் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஆயிற்று, இன்னும் அந்த 'அப்படி' என் மனத்தை விட்டுப் போகவில்லை. அதைவிடப் பெரிய பாரம் ஒன்று உண்டு. அந்த இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்து எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை."

ஜமாஅத்தார்களே, இதற்கு உடனடியாக மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. மதரஸாவில் பல ஆண்டுகள் கிதாபுகளைப் புரட்டியவர்கள் நாம். புகழைப் பற்றிய ஹதீஸ்கள் நமக்கு மனப்பாடம். முகத்துக்கு நேரே மிகையாகப் புகழ்வோரின் முகத்தில் மண்ணை வாரி இறைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை மிக்தாத் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் கிரந்தம் பதிவு செய்திருக்கிறது. அதே கிரந்தத்தில், ஒருவர் நற்செயல் புரிய அதற்காக மக்கள் அவரைப் புகழ்வது பற்றி வினவப்பட்டபோது, அது இறைநம்பிக்கையாளருக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று அன்னார் விடையளித்ததும் இருக்கிறது. ஆக, கேளாமல் வந்த நல்ல சொல்லைக் கண்டு அஞ்சி ஓட வேண்டியதில்லை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பதும் நாம் அறிந்ததுதான். இவற்றையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னோம். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு அவை விடையாகவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. புகழ் நல்லதா தீயதா என்பதை அவர் கேட்கவில்லை. பிறருக்கும் உரிய புகழ் தம் ஒருவர் கையில் வந்து சேர்ந்தால் அதை என்ன செய்வது என்பதே அவர் கேட்டது.

அவர் சென்ற பிறகு நமக்கு பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் அவர்களின் நினைவு வந்தது. நம் இளைஞர்களில் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மவ் பகுதியைச் சேர்ந்த பீபிபூரில் 1912ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பிறந்தவர் உஸ்மான். தந்தை காவல்துறை அதிகாரி. 1932இல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்குத் தேர்வானார். அதே ஆண்டில்தான் டேராடூனில் இந்திய ராணுவக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆகவே சாண்ட்ஹர்ஸ்டில் பயின்ற கடைசி இந்திய அணியினருள் அவரும் ஒருவரானார். 1934இல் அதிகாரியாகி, பின்னர் பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பணியாற்றினார்.

1947இல் நாடு பிரிந்தபோது ராணுவமும் பிரிக்கப்பட்டது. பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானின் பங்கில் சென்றது. பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தம் வீடாக இருந்த ரெஜிமெண்டைத் துறந்து, உஸ்மான் இந்தியாவிலேயே இருந்துவிட்டார். டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் ஜம்மு காஷ்மீர் போர்முனையில் 50ஆவது பாராசூட் பிரிகேடின் பொறுப்பு அவரிடம் வந்தது.

பொறுப்பேற்ற சூழலை எண்ணிப் பாருங்கள். மீர்ப்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் பாதைகள் சந்திக்கும் ஜாங்கர் என்னும் இடம் 1947 டிசம்பர் 25ஆம் நாள் எதிரிகளிடம் வீழ்ந்துவிட்டது. அடுத்த இலக்கு நௌஷேரா என்பது வெளிப்படை. படையினர் சோர்ந்து போயிருந்தனர். பிரிவினைக் கலவரத்தின் குருதி உலராத காலம் அது. அந்நிலையில் அவர்களுக்குத் தளபதியாக வந்திருப்பவர் ஒரு முஸ்லிம். அதுவும் எதிர்த்தரப்புக்குச் சென்றுவிட்ட ரெஜிமெண்டிலிருந்து வந்தவர். ஐயத்தோடு பார்த்த கண்கள் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

உஸ்மான் தம்மைப் பற்றிச் சொற்பொழிவு எதுவும் ஆற்றியதாக நாம் படித்ததில்லை. ஜாங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உறுதி பூண்டார். மலைப்பகுதியின் மார்கழி, தைக் குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். தம் பிரிகேடில் ஒருவரையொருவர் 'ஜெய் ஹிந்த்' என்று முகமன் கூறிக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினார். சாதிக்கொரு முகமனும் மதத்துக்கொரு முகமனுமாக இருந்த படையில் அது சிறிய மாற்றமன்று.

1948 ஜனவரியில் மேற்குப் பகுதிப் படைத் தலைமையை ஏற்ற லெப்டினன்ட் ஜெனரல் கரியப்பா நௌஷேராவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான அதே கரியப்பாதான். முகாமைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்படும்போது, தமக்கு ஓர் அன்பளிப்பு வேண்டும் என்று உஸ்மானிடம் கேட்டார். கேட்ட அன்பளிப்பு என்னவென்றால், நௌஷேராவை மேலிருந்து பார்க்கும் கோட் என்னும் உயரமான இடத்தைக் கைப்பற்றித் தர வேண்டும் என்பதே. அப்போது கரியப்பாவுடன் இளம் மேஜராக இருந்தவர் எஸ். கே. சின்ஹா. பிற்காலத்தில் அஸ்ஸாமுக்கும் ஜம்மு காஷ்மீருக்கும் ஆளுநரான அவர் இந்நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். கரியப்பாவுக்கு ராணுவ வட்டாரத்தில் 'கிப்பர்' என்ற செல்லப்பெயர் உண்டு. அந்தப் பெயரையே நடவடிக்கைக்கும் சூட்டி, பிப்ரவரி முதல் நாளில் உஸ்மானின் படையினர் கோட்டைக் கைப்பற்றினார்கள். கோட்டை என்றால் மதில் சூழ்ந்த கோட்டையன்று. கோட் என்ற ஊரை.

ஐந்து நாட்கள்தாம் கழிந்தன. பிப்ரவரி 6ஆம் நாள் அதிகாலையில் நௌஷேராவின் மீது பெருந்தாக்குதல் தொடங்கியது. தாக்க வந்தோர் ஏறத்தாழ 11,000 பேர் என்கின்றன போர்க்குறிப்புகள். தைந்தர் என்னும் குன்றின் இரண்டாம் எண் காவல்நிலையில் நாயக் ஜதுநாத் சிங் என்பவர் தலைமையில் ஒன்பது பேர் இருந்தனர். அலையலையாக வந்த தாக்குதல்களை அவர்கள் எதிர்கொண்டார்கள். இறுதியில், உடனிருந்தவர்கள் அனைவரும் இறந்தோ காயமுற்றோ விழுந்த பிறகு, தாமும் காயமுற்றிருந்த ஜதுநாத் சிங் தனியொருவராக ஸ்டென் துப்பாக்கியுடன் பாய்ந்து முன்னேறி, மார்பிலும் தலையிலும் குண்டு துளைக்க உயிர் நீத்தார். பின்னர் அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் தடுத்து நிறுத்தியிராவிட்டால் உதவிப்படை வந்து சேருமுன் அக்குன்று வீழ்ந்திருக்கும்.

நௌஷேரா காப்பாற்றப்பட்டது. தாக்கியவர்களுக்குப் பேரிழப்பு. நம் படையில் 33 பேர் உயிரிழந்தனர், 102 பேர் காயமுற்றனர்.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி. அப்பகுதிப் படைகளுக்குத் தலைமை வகித்த மேஜர் ஜெனரல் கல்வந்த் சிங் பத்திரிகையாளர்களை அழைத்துப் பேசினார். நௌஷேரா வெற்றியின் சிறப்பு முழுவதையும் பிரிகேடியர் உஸ்மானுக்கே உரித்தாக்கினார். தமக்கு மேலுள்ள தளபதி, நாடே படிக்கும் செய்தித்தாள்களின் வாயிலாக இவ்வாறு புகழ்வார் என்று உஸ்மான் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஒரே நாளில் அவர் 'நௌஷேராவின் சிங்கம்' ஆனார். எல்லைக்கு அப்பால் அவருடைய தலைக்கு 50,000 ரூபாய் விலை வைக்கப்பட்டது என்பதும் பரவலாகப் பதிவான செய்தி. (பகைவன் குறிக்கும் விலையும் ஒருவகைப் பாராட்டுத்தான், அதில் முகத்துதி கலந்திருக்க வழியில்லை!)

அப்புகழுக்கு உஸ்மான் செய்த கைம்மாறு என்ன? கல்வந்த் சிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்றிக் கடிதமன்று, மறுப்புக் கடிதம். அவ்வெற்றியின் சிறப்பு பிரிகேடின் தளபதி என்ற முறையில் தமக்குரியதன்று, களத்தில் நின்று போரிட்டு நாட்டுக்காக உயிரையும் கொடுத்த சிப்பாய்களுக்கே உரியது என்பது அக்கடிதத்தின் சாரம்.

இங்கே சற்று நிற்போம், ஜமாஅத்தார்களே. இதைப் பணிவு என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நம்முடைய கருத்து வேறு. அன்றைய சூழலில் அந்தப் புகழைப் பற்றிக்கொள்ள உஸ்மானைவிடக் காரணம் உடையவர் எவர்? ஐயப்பட்டவர்களின் வாயை அடைப்பதற்கு அதைவிடச் சிறந்த சான்றிதழ் கிடைக்குமா? தம் தேர்வு சரியானதே என்று நாட்டுக்கு மெய்ப்பித்துக் காட்ட, தளபதியின் வாய்மொழி போதாதா? பேசாமல் இருந்தாலே போதுமாயிருந்தது. இருந்தும் அவர் எழுதினார்.

ஏன் எழுதினார் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒருவனைத் தனியே தூக்கி நிறுத்திப் புகழும்போது அதில் இரண்டு அநீதிகள் நேரக்கூடும். ஒன்று, அவனுடன் நின்றவர்கள் மறைந்துபோகிறார்கள். தைந்தர் குன்றில் மாண்டவர்களின் இடத்தில், வரைபடத்தின் முன்னே நின்ற தளபதியின் படம் வந்துவிடுகிறது. மற்றொன்று, அவன் தன் இனத்தாரிடமிருந்தும் பிரிக்கப்படுகிறான். 'இவர் விதிவிலக்கு' என்ற பொருள் அப்புகழின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. நம் பெரியவரின் நெஞ்சில் தைத்த 'அப்படி' என்ற சொல்லும் அதுவே. புகழ்ந்தவர்கள் தீய எண்ணத்துடன் சொல்வதில்லை. கல்வந்த் சிங் மனமாரத்தான் புகழ்ந்திருப்பார். எனினும் விதிவிலக்காக இருப்பதற்கு இசைந்துவிட்டால், மற்றவர்கள் ஐயத்துக்குரியவர்களே என்பதற்கும் நாம் இசைந்தவர்களாகிவிடுகிறோம். உஸ்மான் தம்மைச் சிப்பாய்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். அவர்களுள் ராஜபுத்திரரும் மராட்டியரும் பஞ்சாபியரும் இருந்தனர். அவ்வரிசையில் எவரும் விதிவிலக்கல்லர். இது நம்முடைய வாசிப்பு. அவர் இப்படியெல்லாம் எண்ணித்தான் எழுதினார் என்று நாம் சத்தியம் செய்ய மாட்டோம்.

நம் பழைய வரலாற்றிலும் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஷாம் நாட்டுப் போர்முனையில் காலித் பின் வலீத் (ரலி) அவர்களை நீக்கிவிட்டு அபூஉபைதா (ரலி) அவர்களை உமர் (ரலி) அவர்கள் தளபதியாக்கினார்கள். பதவி இழந்தவரும் பதவி பெற்றவரும் எதிரெதிரே நின்ற அந்த வேளையில், இச்சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் உங்களுக்குத் தலைவராக வந்திருக்கிறார் என்று காலித் (ரலி) அவர்கள் மக்களிடம் அறிவித்தார்கள். உடனே அபூஉபைதா (ரலி) அவர்கள், காலித் அல்லாஹ்வின் வாட்களில் ஒரு வாள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதை எடுத்துரைத்தார்கள். முஸ்னது அஹ்மதில் இது வருகிறது. இருவரும் மற்றவருக்கு உரியதை மற்றவரிடம் சேர்த்தார்கள். அதிலும் இருவரும் பயன்படுத்தியது தம் சொந்தச் சொற்களை அல்ல, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரவருக்குச் சூட்டியிருந்த சிறப்புகளையே.

உஸ்மானிடம் திரும்புவோம். 1948 மார்ச் 18ஆம் நாள் ஜாங்கர் மீட்கப்பட்டது. அன்றிரவு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கட்டிலைத் தேடிக் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகு தளபதி கட்டிலில் படுத்தார். பரிசுகள், பதக்கங்கள் எல்லாவற்றையும்விட அந்தக் கயிற்றுக் கட்டிலே நம் உள்ளத்தை நெகிழச் செய்கிறது. எவரோ ஒரு சிப்பாய் அதைத் தலையில் சுமந்து வந்திருப்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டு உண்டோ?

இன்னுமொன்று. நௌஷேராவில் போரினால் ஆதரவிழந்த சிறுவர்கள் பலர் இருந்தனர். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அவர்களை ஒன்றுசேர்த்து, 'பாலக் சேனை' என்று பெயரிட்டு, உணவும் கல்வியும் பயிற்சியும் கிடைக்கும்படி உஸ்மான் செய்தார். போரின்போது செய்தி கொண்டுசெல்லும் வேலையையும் அவர்களில் சிலர் செய்தனர். (சிறுவர்களைப் போர்முனையில் ஈடுபடுத்தியதை இன்று நாம் ஏற்க மாட்டோம். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.) அவர்களில் மூன்று சிறுவர்களுக்குப் பிரதமர் நேருவின் கையால் தங்கக் கைக்கடிகாரம் கிடைத்தது. தமக்கு வந்த புகழை மறுத்தவரின் முகாமிலிருந்த அநாதைச் சிறுவர்களுக்கு நாட்டின் பாராட்டு போய்ச் சேர்ந்தது!

1948 ஜூலை 3ஆம் நாள் மாலை ஜாங்கரில் எதிரிகளின் பீரங்கிக் குண்டு ஒன்று அருகில் வெடித்ததில் உஸ்மான் உயிரிழந்தார். முப்பத்தாறாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. திருமணம் செய்துகொள்ளாத அவர் தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டு வந்தவர். அப்போரில் உயிர்நீத்த இந்திய அதிகாரிகளுள் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் அவரே. மகாவீர் சக்கரம் அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. டில்லியில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவை அடுத்த கபரஸ்தானில் அரசு மரியாதையுடன் நல்லடக்கம் நடந்தது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி, பிரதமர் நேரு, மௌலானா ஆஸாத், ஷேக் அப்துல்லாஹ் ஆகியோர் அதில் கலந்துகொண்டனர். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அக்கபரின் கல் சேதமுற்றிருப்பது தெரியவந்தபோது ராணுவமே முன்வந்து அதைச் செப்பனிட்டது.

ஜமாஅத்தார்களே, இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லையேல் நேற்றிரவு உண்மையைச் சொன்ன பெரியவரின் முன்னால் இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தகுதி நமக்கு இராது.

2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜனாஸாவைத் தொடவும் உறவினர் அஞ்சிய நாட்கள் அவை. நம் மஹல்லாவின் இளைஞர்கள் உறை அணிந்துகொண்டு, முஸ்லிம் என்றும் முஸ்லிமல்லாதவர் என்றும் பாராமல், அவரவர் முறைப்படி அடக்கவும் எரிக்கவும் துணை நின்றார்கள். கோடை வெயிலில் அந்த உறைக்குள் வியர்வை முழங்கால்வரை வழிந்து தேங்கியதாக அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு ஒரு நாள் அலுவலகம் ஒன்றில் பாராட்டு விழா நடந்தது. நாம் எதிர்பார்க்கவே இல்லை. சான்றிதழ் வாங்க நம்மை மேடைக்கு அழைத்தார்கள். நாம் ஏறினோம். நாம் ஒரு குழியும் வெட்டியவரல்லர். தொழுகை நடத்தினோம், துஆச் செய்தோம், தொலைபேசியில் ஆறுதல் கூறினோம், அவ்வளவுதான். மேடையிலிருந்த ஒருவர் நம் கையைக் குலுக்கி, "உங்கள் ஆட்கள் இவ்வளவு செய்வார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை" என்றார். நாம் புன்னகைத்தோம். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. குழி வெட்டிய இளைஞர்களில் இருவர் அந்த மண்டபத்தின் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் பெயரை நாம் சொல்லவில்லை. மறதியன்று, சொல்லத் தோன்றவில்லை. எது மோசம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவ்வாண்டு அறிக்கையிலும் அச்சான்றிதழின் படம் முழுப்பக்கத்தில் வந்தது; பெயர்கள் வரவில்லை. நன்கொடையாளர் பட்டியலோ வழக்கம்போல் பதினோரு பக்கம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவருக்கு ஒரு வரி உண்டு. மய்யித்துக் குளிப்பாட்டும் மூதாட்டிக்கும், மக்தபில் நம் பிள்ளைகளுக்கு அலிஃப், பே கற்பிக்கும் சகோதரிகளுக்கும், நள்ளிரவில் வந்து கபர் வெட்டித் தருபவருக்கும் ஒரு வரியும் இல்லை. நிர்வாகத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் பிழைதிருத்தம் பார்ப்பவரே நாம்தான்.

இன்று காலை செயலாளரிடம் பேசினோம். இவ்வாண்டு அறிக்கையில் அந்த இளைஞர்களின் பெயர்களைக் காலந்தாழ்ந்தேனும் அச்சிடுவதென்றும், மேற்சொன்ன பணியாளர்களின் பெயர்களுக்கு இனி ஒவ்வோர் ஆண்டும் நன்கொடையாளர் பட்டியலுக்கு முன்னால் இடமளிப்பதென்றும் இசைவு தெரிவித்திருக்கிறார். பக்கம் கூடினால் செலவும் கூடுமே என்றும் கேட்டார். அது அவர் பொறுப்பு, கேட்கத்தான் வேண்டும். நன்கொடையாளர் பட்டியலின் எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்றோம். கொடுத்தவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் படித்துக்கொள்வார்கள்.

நம் பெரியவரிடமும் இன்று அஸருக்குப் பிறகு உஸ்மானின் கடிதத்தைப் பற்றிச் சொன்னோம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அவர் உடனே எழுதினார் ஹஜ்ரத். நான் இத்தனை வருடம் தாமதம்" என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, பொன்னாடையை ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் தமக்கு இரண்டு நிமிடம் மைக் வேண்டும் என்றும் கேட்டார். எதற்கு என்று நாம் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றை எப்படி உச்சரிப்பது என்று நமக்குத் தெரியவில்லை. அவரே இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.

முத்தவல்லி அவர்கள் பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால், நம் பெரியவர் அந்தத் தாளைப் படிப்பார். மைக்கை அவரிடம் கொடுக்கிறோம்.